சபீனா அக்கா போட்ட அடிக்கோடுகள்

வியாழக்கிழமை காலை அலுவலகம் போகும் வழியில், குரோம்பேட்டையில் ரயில் நின்றிருந்தபோது, எங்கள் ஞாயிறு ஆங்கில வகுப்பில் கூடப் படிக்கும் தேவகி போனில் கூப்பிட்டார். "சபீனா அக்கா போயிட்டாங்க சேகர்" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது எனக்குத் தெரியும். வீடு திரும்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கிண்டியில் இறங்க மறந்து மாம்பலம் வரை போய்விட்டேன்.

அன்று மாலையே எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், கைகூப்பிய படங்களுக்குக் கீழே, கூடப் படிக்கும் பிரபு ஒரு யோசனை எழுதியிருந்தார். அக்கா இல்லாமல் ஞாயிறு வகுப்பை நடத்துவது கஷ்டம், முறையாகப் படித்த ஆங்கில ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வோம், தெரியாதவர்களே தெரியாதவர்களைத் திருத்தி என்ன பயன் என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நான் எழுதுவதும் அந்தக் கோபத்தில்தான். அக்காவை அறிந்தவர்களே, அவரை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் அவர் உண்டாக்கியதையும் சேர்த்துப் புதைக்க வேண்டாம்.

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சபீனா அக்காவுக்கு வீடு பொழிச்சலூர். பம்மலில் திரைச்சீலை தைத்து மாட்டித் தரும் கடை வைத்திருந்தார். மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்தோம். அந்த மையத்தைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள். முணுமுணுத்தபடி கலைந்துகொண்டிருந்தோம். அக்கா படிக்கட்டில் குறுக்கே நின்றுகொண்டார். "வாத்தியார்தானே போனாரு? நாம இருக்கோமில்ல? இன்னாத்துக்கு வூட்டுக்குப் போறீங்க?" அடுத்த ஞாயிறு தேவகி வீட்டு மாடியில் கூடினோம்.

முறையை வகுத்ததும் அவர்தான். ஒருவர் ஆங்கிலத்தில் சிறிது நேரம் பேச வேண்டும். மற்றவர்கள் கேட்டு, அதை ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுத வேண்டும். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வேண்டும். சரியான விடையை எழுதித் தரக் கூடாது. பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். எழுதியவரேதான் யோசித்து மாற்ற வேண்டும். "பேசினா சமாளிச்சுடலாம், எழுதினா மாட்டிக்குவோம். மாட்டிக்கணும்னுதான் வந்திருக்கோம்" என்பார்.

ஒருமுறை பிரபு ஒரு பேச்சாளரை அழைத்து வந்தார். தன்னம்பிக்கை பற்றி அவர் பேசித் தீர்த்தார். அதை வளர்த்துக்கொள்ள அருமையான வழிகளைச் சொன்னதாக நாங்கள் எல்லோரும் எழுதினோம். பெரிய மனிதர் வந்திருக்கிறார், ஏதாவது சொல்லாமலா இருப்பார் என்ற மரியாதைதான். என் தாளைத் திருத்திய அக்கா, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'எப்போது சொன்னார்?' என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லவே இல்லை. அக்காவின் சுருக்கத்திலோ, தன்னம்பிக்கை வேண்டும் என்றார், அது எப்படி வரும் என்று சொல்லவில்லை என்று இருந்தது. அதை அந்தப் பேச்சாளர் முன்னாலேயே அக்கா வாசித்தார். பேச்சாளரின் முகம் சுண்டிப்போயிற்று. "கோச்சுக்காதீங்க சார். நீங்க சொல்லாததை எழுதினா அது பொய்தானே" என்றார் அக்கா. பேச்சாளர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

இரங்கல் செய்திகளில் அவரைச் சாந்தமானவர் என்று எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. தன் தாளில் தேவகி போட்ட ஒரு கோட்டுக்காக அக்கா இரண்டு ஞாயிறு அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாக, "நீ கேட்டது நியாயம்தான். கேட்ட தோரணைதான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேவகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெருங்களத்தூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று அங்குள்ள சங்கம் முடிவு செய்தது. அக்காவோ துணி மூட்டையும் இரும்புக் கம்பிகளும் தூக்கிக்கொண்டு மேல் மாடிகளுக்குப் போக வேண்டியவர். சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அதையே அந்த வாரப் பேச்சாக எங்களிடம் வாசித்தார். நாங்கள் வழக்கம்போலச் சுருக்கினோம். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் தயவு கேட்பதாகவே இருந்தது.

"நான் கெஞ்சுற மாதிரியா கீது?" என்றார்.

"அப்படித்தான் இருக்குக்கா" என்றார் தேவகி.

"சரி, கெஞ்சலை எடுத்துடறேன்."

அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதி மறுபடி வாசித்தார். மறுபடி சுருக்கினோம். இந்த முறை எல்லார் தாளிலும், லிஃப்ட் இல்லை என்றால் திரைச்சீலையும் இல்லை என்று இருந்தது. அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். சங்கத்தார் முனகிக்கொண்டே வழிவிட்டார்கள். பிரபு, எந்த ஆசிரியர் இதைச் செய்திருப்பார்? பிழைகளைத் திருத்தி, அந்தக் கெஞ்சலை இன்னும் அழகாக்கித் தந்திருப்பார்.

போன ஞாயிறும் கூடினோம். பிரபுவும் வந்தார். பேச வேண்டியது நான். அக்காவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினேன். முடிக்கும்போது அவர் அமைதியாகப் பிரிந்தார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எழுதினார்கள், தாள்களை மாற்றிக்கொண்டார்கள். தேவகியின் தாள் பிரபுவிடம் போயிற்று. பென்சிலோடு அதைப் படித்தார். பிறகு கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் எழுதியதை வாய்விட்டும் கேட்டார்.

"அமைதியா போனாங்கன்னு யாரு பார்த்தது?"

"சேகர் சொன்னார், எழுதினேன்" என்றார் தேவகி. "ஆனா நான் புதன்கிழமை போய்ப் பார்த்தப்ப, என்னை வூட்டுக்கு அனுப்புங்கன்னு நர்சுகிட்ட சண்டை போட்டுகினு இருந்தாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. இறந்தவர்களைப் பற்றி எல்லோரும் சொல்வதைச் சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். எழுந்து நின்று, அவர் முந்தின நாள்கூட வீட்டுக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டார் என்று மாற்றிச் சொன்னேன். பிரபு தலையாட்டினார். ஆசிரியர் வைப்பது பற்றி அன்று அவர் வாய் திறக்கவில்லை.

வகுப்பு எங்கள் எல்லோருக்கும் பொது. அதை நடத்திக்கொள்ள எங்களுக்குத் தெரியும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அக்காவின் கோபத்தை மட்டும்தான்.