உப்புக் குவியலுக்குப் பின்னால்

சனிக்கிழமை காலை ஆறே காலுக்குத் திருவான்மியூரில் புதுச்சேரிப் பேருந்து கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் வண்டி. மரக்காணத்துக்குத் தலைக்கு நூற்றுப் பத்து ரூபாய். சன்னலோர இருக்கையை என் தம்பி இளங்கோவுக்கு விட்டுக்கொடுத்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, கடலைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன். அவனோ முன் இருக்கைக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் மூத்தவள் நான். தபால் நிலையத்தில் வேலை. நடுவில் மலர், கடைசி இளங்கோ. மலரும் அவள் கணவர் சேகரும் அமெரிக்காவில், இளங்கோ இருக்கும் அதே மாநிலத்தில் இருக்கிறார்கள். சேகரின் சொந்த ஊர் மரக்காணம். அவருடைய அண்ணன் முருகவேல் அங்கே உப்பளம் வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மகள் யாழினிக்கு மறுநாள் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அந்தத் தாய்மாமனும் அவள் அப்பாவும் பேசிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

காரணத்தைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. நிலத் தகராறு இல்லை, நகைத் தகராறு இல்லை. ஒரு மசோதா.

அந்த மாநிலச் சட்டமன்றத்தில், ‘தாக்குதல் ஆயுதம்’ என்று அவர்கள் சொல்லும் ஒருவகைத் துப்பாக்கியின் விற்பனையைத் தடை செய்ய ஒரு மசோதா வந்தது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் போய்க் கருத்துச் சொல்லலாம். இளங்கோ ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். தடை வேண்டும் என்று பேசப் போனான். பேசிவிட்டு இறங்கியபோது, அடுத்ததாகக் கூப்பிட்ட பெயர் சேகருடையது. தடை கூடாது என்று பேச வந்திருந்தார். அவர் வீட்டிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது. மலருக்கு இரண்டும் தெரியும். ஒரே நாளில் வரும் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

அன்று மாலை இளங்கோ தொலைபேசியில், “அந்தத் துப்பாக்கி இருக்கற வீட்டுல இனிமே கால் வெக்க மாட்டேன்” என்றான். அதுபோலவே இருந்தும்விட்டான்.

மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, வண்டியில் பாதி காலியானது. செய்யூர்ப் பக்கம் வந்ததும் சாலையோரம் தண்ணீர் தேங்கிய கட்டங்கள் தொடங்கின. கட்டத்துக்குக் கட்டம் நிறம் வேறு: ஒன்று வானத்தின் நிறம், ஒன்று பழுப்பு, ஒன்று ரோஜா. வரப்பில் வெள்ளையாகக் குவிந்திருந்ததை முதல் பார்வையில் சுண்ணாம்பு என்று நினைத்தேன்.

“அவர் பேசுவாராக்கா?” என்று இளங்கோ கேட்டான். புறப்பட்டதிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

“நீ பேசுவியா?”

அவன் மறுபடி கம்பியைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

ஒன்பது மணிக்கு மரக்காணத்தில் இறங்கினோம். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. முருகவேல் வீடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் பேசினேன். பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலைய ஒட்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பும்போதே ஆரம்பித்தார்.

“சார் அமெரிக்காவா? அங்க கடைல துப்பாக்கி விக்கிறாங்களாமே, நெஜமாங்க?”

“நெஜந்தாங்க.”

“கத்திரிக்கா மாதிரியா?”

இளங்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ்ளோ ஈஸி இல்ல. சிலதை விக்கக் கூடாதுன்னு சொல்றோம். எதுன்னு எழுதறதுலதான் சண்டை.”

“இதுல என்னங்க சண்டை? சுடறது எல்லாம் துப்பாக்கிதான?”

இளங்கோ முன்னால் சாய்ந்து விளக்கினான். விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். அதில் கழற்றி மாட்டும் குண்டுப்பெட்டி, கீழே தனிப் பிடி, தோளில் பதிக்கும் மடக்கக்கூடிய பின்கட்டை என்று சில அம்சங்கள் இருந்தால் அது தாக்குதல் ஆயுதம் என்று மசோதாவில் எழுதியிருந்தார்கள். எதிர்ப்பவர்கள், இது தோற்றத்தைப் பார்த்து எழுதிய சட்டம் என்கிறார்கள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். “புடிய கழட்டிட்டா?”

“அதைத்தாங்க எங்க மாமா கேட்டாரு,” என்றான் இளங்கோ, குரல் இறங்கி. ஒரு வருடத்தில் அவன் வாயில் ‘மாமா’ என்ற சொல்லைக் கேட்டது அப்போதுதான்.

வீட்டு வாசலில் மலர் ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். சேகர் என்னைப் பார்த்து, “வாங்கக்கா, பஸ்ல உக்கார எடம் கெடச்சிதா?” என்றார். இளங்கோவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். இளங்கோவும் அசைத்தான். எப்போதோ ஒரு தரம் சாலையில் பார்த்துக்கொண்ட இரண்டு பேர் செய்வதுபோல் இருந்தது. சாப்பாட்டில் வஞ்சிர மீன் குழம்பு. “தம்பிக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு” என்று சேகர் மலரிடம்தான் சொன்னார். “போதும்னு சொல்லுக்கா” என்று இளங்கோவும் மலரிடமே சொன்னான். நடுவில் கரண்டியோடு நின்ற மலருக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை. துண்டுகளை இளங்கோவின் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலரை மணிக்கு வெயில் தணிந்ததும் பிள்ளைகளை உப்பளத்துக்குக் கூட்டிப் போனோம். நானும் சேகரும் முன்னால், யாழினியும் முருகவேலின் இரண்டு பெண்களும் நடுவில், இளங்கோ கடைசியில். பாத்திகளுக்கு நடுவே வரப்பில் வரிசையாகத்தான் நடக்க முடியும். காலுக்கடியில் உப்பு நொறுங்கியது. காற்றில் நாக்கு கரித்தது. அன்றைய வேலை முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். வாரிக் குவித்த உப்பு மேடுகள் சில பனையோலை மூடி நின்றன. தூரத்தில் நீண்ட கால்களோடு பறவைகள்.

சேகர் தானாகவே பேசினார். “மலர் வயித்துல யாழினி இருந்தப்போ ஒருத்தன் பின்கதவ ஒடச்சிட்டு உள்ள வந்துட்டான்க்கா. எங்க வீடு டவுன விட்டுத் தள்ளி. போலீசுக்குப் போன் போட்டா வர்றதுக்கு அவ்ளோ நேரம். நான் கைல கிரிக்கெட் பேட்ட வெச்சிக்கினு நின்னேன். அவன் தானாவே ஓடிட்டான். அடுத்த வாரம் போய் அந்தத் துப்பாக்கிய வாங்கினேன்.”

“இளங்கோவுக்கு இது தெரியுமா?”

“தெரியும். ஆனா மைக்குல அவன் சொன்னத நானும் கேட்டேனே. அவன் பாத்த காயத்த எல்லாம் சொன்னான். எழுந்து போயிடலாம்னு பாத்தேன். அப்புறம் என் பேர கூப்பிட்டாங்க. எழுதி எடுத்துட்டுப் போனதப் படிச்சிட்டு வந்துட்டேன்.” வரப்பில் கிடந்த உப்புக் கட்டியைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: “அந்த மசோதா சரியில்லக்கா. மரக்கட்டை வெச்ச பழைய மாடல் துப்பாக்கியும் அதே குண்டத்தான் அதே வேகத்துல சுடுது. அதுக்குத் தடை இல்ல. நான் சொன்னது பொய் இல்ல.”

அந்த நேரத்தில்தான் மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து வேட்டு வெடித்தது. கோயில் திருவிழா அதிர்வேட்டு. டம், டம், டம் என்று அடுத்தடுத்து. பறவைகள் மொத்தமாக எழுந்தன. நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். முருகவேலின் பெண்களுக்கு அது பழகிய சத்தம்.

யாழினியைக் காணவில்லை.

திரும்பிப் பார்த்தால், இரண்டு பெண்களின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓர் உப்பு மேட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்கள். சின்னவளின் வாயைக் கையால் பொத்தி, முதுகை மேட்டோடு ஒட்டி உட்கார வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கையாட்டினாள், சீக்கிரம் வாங்க என்று. நாங்கள் ஓடினோம்.

“யாழி, அது வேட்டும்மா, கோயில்ல…” என்று சேகர் தொடங்கினார்.

“ஷ்ஷ்! பேசக் கூடாதுப்பா.” கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஆசிரியையின் கண்டிப்பு. “நீங்க ரொம்ப பெருசா இருக்கீங்க. குனிஞ்சி உக்காருங்க. மாமா, நீங்க அப்பா பக்கத்துல. ஒட்டி. கேப் இருக்கக் கூடாது.”

இருவரும் உட்கார்ந்தார்கள். தோளோடு தோள். உப்பு சட்டையில் ஒட்டியது. யாழினி சுற்றிலும் பார்த்தாள்.

“லைட் ஆஃப் பண்ணணும். இங்க லைட் இல்ல. பரவால்ல.” பிறகு என்னிடம்: “பெரியம்மா, நீங்க டீச்சர். நீங்க ஓகேன்னு சொன்னாதான் வெளிய வரலாம்.”

அவள் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பயந்து அழுதிருந்தால் தூக்கி அணைத்திருப்பேன். ஏழு வயதுக் குழந்தை, அரிசி களைவதுபோல் அத்தனை பழக்கமாக, யாரை எங்கே ஒளிய வைப்பது என்று செய்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இன்னொரு வேட்டு வெடித்தது. யாழினியின் கை அப்பாவின் வாய்மேல் போயிற்று. இன்னொரு கை மாமனின் வாய்மேல். இருவரும் அவள் கைகளுக்குப் பின்னால் அசையாமல் இருந்தார்கள். சேகரின் கண்ணிலிருந்து வழிந்தது அவள் விரலை நனைத்தது. இளங்கோ அதைப் பார்த்தான். கையை எடுத்து அவர் முதுகில் வைத்தான்.

“ஓகே,” என்றேன் கடைசியில். “எல்லாரும் வெளிய வரலாம்.”

யாழினி எழுந்து பாவாடையில் ஒட்டிய உப்பைத் தட்டினாள். “குட் ஜாப் எல்லாரும்,” என்றாள். பெண்கள் மூவரும் பறவைகள் திரும்பி இறங்குவதைப் பார்க்க ஓடினார்கள்.

ஆண்கள் இருவரும் எழவில்லை.

“துப்பாக்கியோட எவனாவது ஸ்கூலுக்குள்ள வந்தா எப்டி ஒளியணும்னு டிரில் நடத்துறாங்கன்னு லெட்டர் வரும்,” என்றார் சேகர். “படிச்சிட்டு வெச்சிடுவேன். இப்டின்னு தெரியாது.”

“எனக்கும் தெரியாது மாமா.”

“மசோதா தப்புன்னுதான் இப்பவும் சொல்வேன்.”

“சொல்லுங்க.”

“புடி இருந்தா ஆயுதம், புடி இல்லன்னா சாமானா? என்னடா சட்டம் அது?”

“அப்போ ரெண்டயும் சேத்துத் தடை பண்ணச் சொல்லுங்க.”

சேகர் திரும்பி அவனைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “இத நீ அன்னிக்கி மைக்குல சொல்லிருக்கணும்.”

“டைம் முடிஞ்சிடுச்சின்னு மணி அடிச்சிட்டாங்க மாமா.”

திரும்பி நடக்கையில் சேகர்தான் சொன்னார், துப்பாக்கி இனி வீட்டில் இருக்காது என்று. சுடும் பயிற்சிக் கழகத்தில் பூட்டுப் பெட்டி வாடகைக்குக் கிடைக்குமாம், அங்கே வைத்துவிடுவாராம். “விக்க மாட்டேன். அது வேற, இது வேற.” இளங்கோ எதிர்த்துப் பேசவில்லை. பின்கதவுக்கு நல்ல இரும்புக் கதவாகப் போடலாம், தானே வந்து நின்று போட்டுத் தருகிறேன் என்றான். “மசோதா அடுத்த கூட்டத்துல மறுபடி வருதாம். பேசப் போவீங்களா?”

“போவேன். நீ?”

“போவேன்.”

“அப்ப ரெண்டு கார் எதுக்கு? பார்க்கிங்கே கெடைக்காது அங்க. நான் வந்து உன்ன ஏத்திக்கறேன்.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கிளியனூர் போகும் வழியில் இருக்கும் அவர்களுடைய குலதெய்வக் கோயிலுக்கு இரண்டு வேனில் போனோம். வேப்பமரத்தடியில் பாய் விரித்து இளங்கோ சம்மணமிட்டான். யாழினியை மடியில் வைத்துக்கொண்டான். காது குத்தும் பெரியவர் சந்தனத்தால் புள்ளி வைத்தபோது அவள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காகங்கள் பறந்தன. “வேணாம் மாமா, வேணாம், வீட்டுக்குப் போலாம்!” மூக்கு ஒழுக, கால் உதைத்து, மாமன் சட்டையைக் கிழித்துவிடுவதுபோல் பிடித்து அழுதாள். மலருக்கும் அழுகை. எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஒரு குழந்தை இப்படித்தான் அழ வேண்டும் என்று தோன்றியது. சேகர் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்து ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாய் மகளுக்கு, அடுத்த வாய் மச்சானுக்கு.

நம் ஊரில் துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதே பெரும்பாடு. யாரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி. அங்கே எந்தத் துப்பாக்கி இருக்கலாம் என்பது கேள்வி. எங்கே கோடு போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் அதைத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்பதால் அன்று மாலையே நான் மட்டும் கிளம்பினேன். இளங்கோ இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டான்.

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எல்லோருமே வழியனுப்ப வந்தார்கள். சென்னை வண்டி நாலே முக்காலுக்கு வந்தது. ஏறி உட்கார்ந்து சன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை ஓரத்தில் இளங்கோவும் சேகரும் நின்றிருந்தார்கள். இளங்கோ இரு கைகளாலும் ஏதோ ஒரு நீளம் காட்டினான். சேகர் தலையை ஆட்டி மறுத்து, அதைவிடச் சின்னதாக ஒரு நீளம் காட்டினார். இருவர் குரலும் உயர்ந்திருந்தது; ‘புடி’, ‘மசோதா’ என்ற சொற்கள் மட்டும் என் காதில் விழுந்தன. டீ ஆறிக்கொண்டிருந்தது. வண்டி நகர்ந்தது. எனக்குக் கையசைக்க இருவருக்கும் நினைவே இல்லை.