பாம்பனில் இறங்கிய சப்பான் பிடி

ஈர மணலில் ஓர் ஆள் முதுகு மோத விழுந்தால் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வரும். காய்ந்த மணலில் அது வராது. பாம்பனில் நீர் வற்றிய கரையில், வலைகளை இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் ஓய்ந்திருக்கும் மாலைகளில், அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டு வளர்ந்தவன் நான்.

விழச் செய்கிறவர் நைனா மாமா. சின்ன வயதில் பினாங்குக்குக் கடைப் பையனாகப் போனவர், சண்டைக் காலத்தில் சப்பான்காரர்களிடம் துறைமுக வேலைக்குப் பிடிபட்டார். அங்கே சமையல்கார சிப்பாய் ஒருவன் பொழுதுபோகாமல் இவரைத் தூக்கித் தூக்கிப் போட்டானாம். இரண்டு வருசம் விழுந்தே படித்தேன் என்பார். பழைய சண்டைக்காரர்களின் பிடிகளில் ஆளைக் கொல்கிறவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பழகும்படி அந்த நாட்டு வாத்தியார் ஒருவர் அடுக்கி வைத்த வித்தை அது என்று அந்தச் சிப்பாய் சொல்லியிருந்தான். அதன் பெயர் ஜூடோ என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு அது ‘சப்பான் பிடி’.

அதில் ஒரு சட்டம் உண்டு. மாட்டிக்கொண்டவன் தரையை இரண்டு தட்டுத் தட்டி ‘மைத்தா’ என்று சொல்ல வேண்டும். தோற்றேன் என்று அர்த்தமாம். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் பிடித்தவன் விட்டுவிட வேண்டும். அது காதில் விழாத வரைக்கும் விடக்கூடாது. நைனா மாமாவின் உம்மா ஒரு நாள் தூரத்திலிருந்து இதைக் கேட்டுவிட்டு, நாலு பெண்களோடு தலைதெறிக்க ஓடிவந்தார். முஸ்லிம் வீடுகளில் ‘மையத்து’ என்றால் பிணம். மகன் யாரையோ கொன்றுவிட்டான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவர், வள்ளக்காரர் ஒருவர் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எந்திரிச்சு நிக்கிற மையத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார். வேறு சொல் வைக்கச் சொல்லி அவர் எவ்வளவோ மன்றாடினார். சொல்லை மாற்றினால் வித்தையும் மாறிப்போகும் என்று மகன் கேட்கவில்லை.

அப்போது என் அய்யா தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கப் போய் மாதக்கணக்கில் திரும்பாத காலம். அம்மா கருவாட்டுக் கூடையோடு பரமக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் கமுதிச் சந்தைக்குப் போவாள். அங்கே ஒரு தரகரின் ஆள் இருந்தான். கருவாட்டுக்காரிகள் கூடையை இறக்கியதும் மணிக்கட்டைப் பிடித்துத் தரகரின் கொட்டகைக்கு இழுத்துப் போவான். அங்கே தரகர் சொன்னதுதான் விலை. ஒரு வாரம் அம்மா கண்ணாடி வளையல் உடைந்து, மணிக்கட்டில் கீறலோடு திரும்பினாள். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, “இனி நீ போக வேணாம் தாயி. பயல வள்ளத்துல ஏத்திவிடு” என்றார். எனக்குப் பத்து வயது, நாலாம் வகுப்பு. அம்மா சந்தைக்குப் போனால்தான் எனக்குப் பள்ளிக்கூடம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நேராகக் கரைக்குப் போய், நைனா மாமாவிடம் கையை நீட்டி, இதை ஒருவன் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று கேட்டாள். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். சொந்தமில்லாத பெண்ணின் கையை அவர் தொடமாட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நான் இவன் கையப் பிடிக்கிறேன் தங்கச்சி. பாத்துக்கங்க. பெறகு ஒங்க கைய இவன் பிடிக்கட்டும்.”

அப்படித்தான் அந்த வித்தை என் மணிக்கட்டு வழியாக அம்மாவுக்குப் போனது. நாலு விரலும் ஒரு கூட்டம், கட்டைவிரல் மட்டும் தனி ஆள், அந்தத் தனி ஆள் பக்கமாகத் திருகிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது முதல் பாடம். வந்த கையாலேயே அவன் புறங்கையைப் பற்றி வெளிப்பக்கமாக மடக்கினால் எவ்வளவு பெரிய ஆளும் முழங்காலிடுவான் என்பது இரண்டாவது. நாற்பது நாளைக்குக் குறையாமல் அம்மா என்னை மண்டியிட வைத்தாள். நானும் நாற்பது நாளும் ‘மைத்தா’ சொன்னேன். ஒவ்வொரு முறையும் விட்டபின், வலிக்கிறதா என்று கேட்டு நல்லெண்ணெய் தடவிவிடுவாள். அதுவும் மாமா சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

பிறகு ஒரு சந்தை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு கமுதிக்குப் போனாள். கூடையை இறக்கினாள். தரகரின் ஆள் வந்து பிடித்தான். அடுத்து நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கும்போது அவன் மிளகாய்ச் சாக்குகளுக்கு நடுவே முழங்காலில் இருந்தான். முதலில் வைதான். பிறகு விடு என்றான். பிறகு தாயே என்றான். அம்மா விடவில்லை. கோபத்தில் அல்ல. அவள் காது அந்த ஒரு சொல்லுக்குத்தான் பழகியிருந்தது. அதைக் கேட்காமல் அவள் கை திறக்காது. அவனுக்கோ அது தெரியாது. சந்தையே கூடிவிட்டது. எலும்பு போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. வாத்தியார் பெயர் கூப்பிட்டாலே வாய் வராத நான் அவன் காதருகே குனிந்தேன்.

“மைத்தான்னு சொல்லுங்கண்ணே. அம்மா விட்ருவாங்க.”

சொன்னான். அந்த நொடியே அம்மா விட்டாள். விட்டுவிட்டு, பழக்கதோசத்தில், “வலிக்குதாய்யா? நல்லெண்ணெ தடவு” என்றாள். சுற்றி நின்றவர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள். அவனை அதிகம் வெட்கப்படுத்தியதும் அதுதான். தரகர் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மா உட்கார்ந்து கூடையின் மேல்சாக்கை நீக்கினாள்.

“எங் கருவாட்டுக்கு நாந்தான் வெல சொல்லுவேன். பிடிச்சா வாங்குங்க. கையப் பிடிக்காதீக.”

அடுத்த வாரம் சந்தையில் இரண்டு மிளகாய்க்காரப் பெண்கள் அதைக் கற்றுக்கொள்ள அம்மாவிடம் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஏழு பேர். பெண்ணுக்குப் பெண் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பதால் இங்கே என் மணிக்கட்டு தேவைப்படவில்லை. அவர்கள் ‘மைத்தா’ என்பதையே வித்தையின் பெயராக்கி, ‘மைத்தாப் பிடி’ என்றார்கள். வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களோடு அது முதுகுளத்தூருக்கும் திருப்புல்லாணிக்கும் போனது. போகிற வழியில் வளர்ந்தும் போனது. தலையில் கூடை இருக்கும்போது ஒரு கை அதைத் தாங்கியாக வேண்டும். ஆகவே பிடிபட்ட ஒற்றைக் கையாலேயே விடுபட, இடுப்பைத் திருப்பி முழங்கையால் வெட்டும் முறையை இந்தப் பெண்களே கண்டுபிடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு நைனா மாமா எங்கள் வாசலுக்கு வந்து, சப்பான்காரனுக்கே தெரியாததாக இருக்கிறதே, இவன் கையில் காட்டுங்கள் தங்கச்சி என்றார். அம்மா காட்டினாள். நான் விழுந்தேன். அவர் மூன்று முறை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

நான் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, என் விருப்பத்தால்தான் வள்ளம் ஏறினேன்.

போன வருசம் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வெள்ளை உடுப்பும் கறுப்பு வாருமாக ஒரு மாஸ்டர் வந்து, பெண்களுக்கான தற்காப்பு வித்தை இந்தப் பக்கத்துக்கு இப்போதுதான் முதன்முதலாக வருகிறது என்று மேடையில் பேசினார். நல்ல மனிதர், தெரியாமல் சொன்னார். எழுந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் விழுந்து பழகிய கரையில் இன்று ஐஸ் லாரிகள் நிற்கின்றன. நைனா மாமா இல்லை; அம்மாவும் இல்லை. கமுதியில் அந்தக் கொட்டகை இருந்த இடம் பஸ் நிற்கும் திடலாகிவிட்டது. சென்ற மாதம் அங்கே இறங்கியபோது, நெத்திலிக் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வாட்டசாட்டமான வியாபாரி ஒருவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடியாது என்றாள். அவர் இன்னும் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த கூடைக்கு நகர்ந்து போனார்.