சித்தியின் நீல டார்ச்

சித்திக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகவேண்டும் என்பதில் எங்கள் வீட்டிலேயே அதிக அவசரம் எனக்குத்தான். அவள் புருஷன் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய நீல டார்ச் எனக்கு என்று பேச்சு.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வாரம் முழுக்க இரும்புச் சாமான்களில் குறை கண்டுபிடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஸ்டாம்புகளில் குறை கண்டுபிடிப்பாள். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் பாடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் அவளைத் தேடி வருவார்கள். இடுக்கியால் தூக்கி, லென்ஸில் பார்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை அடிப்பாள். ஒட்டுப்போட்ட இடம், அழித்த மை, எல்லாம் அந்த நீல வெளிச்சத்தில் வெளியே வந்துவிடும். நல்லதா, இல்லையா? ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். இதே வாயோடு மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேசி இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன.

மூன்றாவது, ஆவடி. இந்த முறை போட்டோவைச் சித்தி திருப்பித் தரவில்லை. நல்ல ஸ்டாம்புகளை மட்டும் போட்டு வைக்கிற வழவழப்பான உறைக்குள் அந்தப் போட்டோ இருந்ததைப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அன்றைக்கே கேசரிக்கு ரவை வாங்கினாள்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது, மாப்பிள்ளையின் அப்பா பையைத் திறக்கும்வரை. அவரும் ஸ்டாம்பு சேர்க்கிறவராம். பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டு, ஆல்பத்தில் இருப்பதிலேயே உசத்தியானதைக் கொண்டுவந்திருந்தார். விக்டோரியா ராணியின் ஐந்து ரூபாய் ஸ்டாம்பு. யாரும் ஒட்டாதது, அப்படியே புதுசு, என் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கினேன் என்று பெருமையாகச் சொன்னார். என் அப்பா சித்தியின் பக்கம் குனிந்து, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடும்படி கெஞ்சினார்.

சித்தி ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னை ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். எனக்கு ஒரே குஷி. விளக்கையும் அணைத்தேன். பட்டப்பகலில், கையில் கேசரித் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யார் காலோ பட்டு ஒரு டம்ளர் உருண்டது.

"இன்னாடி இது, வந்தவங்களை இருட்டுல குந்த வச்சிகினு?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

டார்ச் எரிந்தது. ராணியின் முகத்துக்குக் குறுக்கே மங்கலாக ஒரு பேனாக் கோடு தெரிந்தது. மாப்பிள்ளை தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மாமா, இது ஒட்டுன ஸ்டாம்புதான்" என்றாள் சித்தி. "மேல பேனாவால கிறுக்கியிருக்காங்க. அந்த மையைக் கழுவிட்டு, பின்னாடி புதுசா பசை தடவி உங்க தலையில கட்டிட்டாங்க."

நான் விளக்கைப் போட்டேன். பெரியவர் ஸ்டாம்பைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், எதையோ மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அம்மா திட்டித் தீர்த்தாள். எனக்கும் கோபம்தான், டார்ச் கைநழுவிப் போனதே. ஜன்னலைத் திறக்கப் போனேன். விளக்கையும் அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சாத்தியே இருக்கட்டும் என்றாள் சித்தி. இருட்டில் பார்க்க அப்போது எந்த ஸ்டாம்பும் இல்லை. பிறகு எதற்கு என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அந்த மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார், கையில் முழு ஆல்பத்தோடு.

"அப்பா மிச்சத்தையும் பாத்துடச் சொன்னாரு. நல்லா கீதுன்னு சொல்ல நிறைய பேர் கீறாங்களாம், உள்ளதைச் சொல்லத்தான் ஆள் இல்லியாம்" என்றார். அம்மா உடனே ரவை டப்பாவைத் தேடினாள்.

அது ஒன்றும் பெரிய ஆல்பம் இல்லை. பிற்பகலுக்குள் முடித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள் சித்தி, அவரும் தலையாட்டினார். அடுத்த வாரமும் ஒரு பக்கம்தான். அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை, இரண்டே ஸ்டாம்பு. ஜன்னலைக்கூடச் சாத்தச் சொல்லவில்லை. டார்ச் சும்மா மேஜையில் கிடந்தது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய், சித்திக்குக் கண் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். டார்ச்சை இப்போதே என்னிடம் கொடுத்தால், மிச்ச பக்கங்களை நானே ஒரே நாளில் பார்த்துத் தந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.