நாற்பத்து நான்கு வயதில் முதல் பிரசவம்

இன்று காலை கோவையில், பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே தடுப்பூசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில், பிறந்து மூன்றே நாளான மகள்.

பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க்கா, பேத்திங்களா? மூக்கு அப்படியே உங்களாட்டவே இருக்குதுங்க.”

என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

“பேத்தி இல்லீங்க, என்ற மக. முந்தாநாள் நானே பெத்தேனுங்க.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் காத்திருந்து பெற்றவள். பத்து மணி நேரம் வலித்த பிறகு, டாக்டர் ஆபரேஷனுக்குத் தயாரானார். “இன்னொரு அரை மணி நேரம் பாக்கலாமுங்க டாக்டர்” என்று கெஞ்சினேன். குழந்தையின் துடிப்பைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இருபதாவது நிமிடம், ஆபரேஷன் இல்லாமலே பிறந்து அவள் அழுத அழுகையில் என் அலறல் யாருக்கும் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கெட்டிக்காரிங்க நீங்க!” வரிசையே திரும்பிப் பார்த்தது. தையல் சுருக்கென்று இழுத்தது, ஆனாலும் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

வீடு வந்ததும் கணவர் தன் நரைத்த தலைக்கு டை வாங்கக் கிளம்பிவிட்டார். கடையிலிருந்து போன் செய்து கறுப்பா, பழுப்பா என்று கேட்கிறார்.

நீங்களே ஒரு நிறம் சொல்லுங்கள்.