சகாயமேரி வாங்காத சீசா

குமணன்சாவடியில் டாக்டர் ராஜசேகரனின் கிளினிக்கை ஒட்டிய சின்ன லேபில் சகாயமேரி வேலை பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். சோதனைக் கண்ணாடித் தகடுகளைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் பென்சிலால் வரைந்து, புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே தொழிலைக் கற்றுக்கொண்டாள். சந்தேகம் வந்தால் மூன்று முறை எண்ணுவாள்.

கைக்குழந்தைக்கு என்றால், வீட்டிலிருந்து பிடித்துவரும் சிறுநீரை அவள் வாங்க மாட்டாள். திருமழிசையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் முனகுவார்கள். "மேரிக்கா ரொம்ப கண்டிப்பு. கையில குடுத்தா வாங்காது, புள்ளையவே தூக்கினு வரணும்" என்று கம்பவுண்டர் வீராசாமி கிண்டல் செய்வார். எண்பத்தேழாம் வருஷம் வரை அவளும் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷம் ஆனி மாதம், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பத்மா தன் பதினோரு மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தாள். ஆறு நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. பல் முளைக்கிற காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சிறுநீர் சோதனைக்கு எழுதினார். மறுநாள் பளபளவென்று கழுவிய சீசாவில் பத்மா கொண்டுவந்து கொடுத்தாள்.

மைக்ராஸ்கோப்பில், கிருமித் தொற்றைக் காட்டும் சீழணுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆனால் கிருமி வளர்கிறதா என்று பார்க்க இன்குபேட்டரில் வைத்த தட்டு, இரண்டு நாள் கழித்தும் துடைத்துவிட்டது போல் இருந்தது. இரண்டையும் கண்டது கண்டபடி எழுதிக் கொடுத்தாள். டாக்டர் தட்டை நம்பினார். டைபாய்டாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். காய்ச்சல் தணிந்தது, திரும்பியது. மறுபடி தணிந்தது, மறுபடி திரும்பியது.

ஏழாவது வாரம் பத்மா திரும்பவும் சீசாவோடு வந்தபோது, குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது. மூடியைத் திறந்ததும் சகாயமேரிக்கு மருந்து வாசனை அடித்தது.

"இத இன்னா போட்டு கழுவுனே?"

"டெட்டால்க்கா. அடியில கொஞ்சம் நிக்கட்டும்னு விட்டுட்டேன். போன தடவையும் அப்படித்தான். பச்சப்புள்ள விஷயமாச்சே."

சீசாவின் அடியில் நின்ற மருந்து அதில் விழுந்த கிருமியைக் கொன்றிருந்தது. பிள்ளையின் உடம்புக்குள் இருந்ததை அது தொடவில்லை. போன முறையும் அந்த வாசனை வந்தது சகாயமேரிக்கு நினைவு வந்தது. அவளும் டெட்டாலில்தான் கை கழுவுவாள். தன் கை வாசனை என்று விட்டிருந்தாள்.

பத்மாவைத் தரையில் கால் நீட்டி உட்காரச் சொல்லி, குழந்தையை அவள் கால்கள் மேல் இருத்தினாள். ஆறிய வெந்நீரால் கழுவித் துடைத்தாள். கொதிக்க வைத்து எடுத்த சீசாவோடு எதிரே குந்தினாள். முக்கால் மணி நேரம். குளிர்ந்த ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவியபோது பெய்தது. முதலில் வந்ததை விட்டுவிட்டு, நடுவில் வந்ததைப் பிடித்தாள்.

மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி. சரியான மருந்தில் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது இடது சிறுநீரகம் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும், இன்னொன்றையாவது காப்பாற்ற.

முதல் சோதனையில் ஏன் தெரியாமல் போனது என்று பத்மா தனியாக வந்து கேட்டாள். சகாயமேரி டெட்டால் விஷயத்தை மறைக்கவில்லை. பத்மா, "அவருக்குத் தெரிய வேண்டாம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் பாஸ்கரன் டாங்கி தொழிற்சாலைச் சீருடையோடு வந்தான். அவன் பின்னால் பத்மா, இடுப்பில் குழந்தை. முதல் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, இதில் ஏன் கிருமி தெரியவில்லை என்று கேட்டான்.

"மருந்து வாசன வந்துச்சு சார். நான் கேக்காம உட்டுட்டேன்" என்றாள் சகாயமேரி. "என் தப்புதான்."

"இங்கயே வச்சு கெடுத்திருக்கீங்க. ஒரு கிட்னி போச்சு. தப்புன்னு சொன்னா வந்துடுமா?"

மருந்து சீசாவிலேயே வந்தது என்று அவள் திருத்தவில்லை. பத்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். பத்மா பின்னால் போனாள். அடுத்த சோதனைத் தேதி எழுதிய சீட்டு மேசையிலேயே கிடந்தது.

சகாயமேரி குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குத் தபால் கார்டு போட்டாள். எந்த லேபிலாவது சரி, பிள்ளையின் சிறுநீரைச் சோதியுங்கள் என்று மட்டும் எழுதினாள். மூன்று மாதம் கழித்து இன்னொன்று. இப்படி ஐந்து வருஷம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.