பாலூட்டும் அறைக்குச் சாவி யாரிடம்?

கல்லூரியில் பாடம் நடத்துகிற வேலைக்குத் தொண்டை வேண்டும், நிற்பதற்குக் கால் வேண்டும். மார்பு மட்டும் வேண்டாம் என்று நினைத்துத்தான் எல்லாக் கட்டடங்களையும் கட்டியிருக்கிறார்கள். நான் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். வருஷா வருஷம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலை. பிள்ளைக்கு நாலு மாதம் ஆனதும் திரும்ப வந்து சேர்ந்தேன். அவன் பாளையங்கோட்டையில் என் மாமியாரிடம் இருக்கிறான். நான் பீய்ச்சிக் கொண்டுபோகிற பாலைத்தான் பகலில் குடிக்கிறான். வேளாவேளைக்குப் பீய்ச்சாவிட்டால் பால் கட்டும், அப்புறம் வற்றும். இதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கழிப்பறைக் கதவைக் காலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு பால் எடுத்திருக்கிற அத்தனை பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். பையன் முழித்துக்கொண்டால் பாதியில் நிறுத்திவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புது டைல்ஸ்

நான் கான்வென்ட்டில் படித்தவள். தண்ணீர் குடிக்கவும் கை தூக்கிக் கேட்டுப் பழகியவள். முதல் நாளே துறைத் தலைவர் அறை வாசலில் நின்று "மே ஐ கம் இன் சார்" என்று கேட்டு, உள்ளே போய், "கொஞ்சம் தனியா ஒரு இடம் வேணும் சார், பிள்ளைக்கு" என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையைத் தேடினார். "பிள்ளை வீட்டில சார், பால் மட்டும்தான் இங்க" என்றதும் புரிந்துகொண்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். லேடீஸ் டாய்லெட் இருக்கிறதே, போன மாதம்தான் புது டைல்ஸ் போட்டோம் என்று மின்விசிறியிடம் சொன்னார். நான் "தாங்க்யூ சார்" என்றேன். வேறென்ன சொல்ல, வாயில் அதுதான் வந்தது.

நேரே நூலகத்துக்குப் போய் மும்தாஜ் அக்காவிடம் அழுதேன். அக்கா மேலப்பாளையம். நூலகத்தில் உதவியாளர். மூன்று பிள்ளை வளர்த்தவள். பழைய பத்திரிகைக் கட்டுகளை நகர்த்தி, அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு மூலையை ஒழித்து, ஒரு நாற்காலியும் போட்டுத் தந்தாள். நான் பால் எடுத்து முடிக்கும்வரை வெளியே காவல் நின்றுகொண்டு, அடக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏட்டி, தாங்க்யூ சொல்லிட்டா வந்தே? டைல்ஸ் போட்டுட்டா மட்டும் அவரு அங்கன போய் உக்காந்து இட்லி திம்பாராமா?"

ஃபைல்

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் நமக்குத் தானாகப் பால் சுரந்துவிடும், யார் பிள்ளையாக இருந்தாலும் சரி. ஒரு நாள் வகுப்பில் தொடர்வரிசைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் போன் அடித்தது. மணிச் சத்தமில்லை, பாட்டில்லை. ஒரு பச்சைப்பிள்ளை வீல் வீலென்று அழுகிறது. "யாரு போன் அது?" என்றால், பையன் எழுந்து பெருமையாக "எங்க அக்கா மவன் மேடம், ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்" என்கிறான். அவன் அக்கா மகனுக்கு நான் அங்கேயே பால் கொடுத்துவிட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ரவிக்கை நனைந்துவிட்டது. மேசையிலிருந்த ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். மணி அடிக்கும்வரை இறக்கவில்லை. ஒற்றைக் கையால் கரும்பலகையில் எழுதினேன், ஒற்றைக் கையால் அழித்தேன். வெளியே போகும்போது ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது: "மேடம் அந்த ஃபைலை விடவே மாட்டேங்காவளே, உள்ள நம்ம இன்டர்னல் மார்க்குதாம்லே இருக்கு."

திறப்பு விழா

தரம் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது என்றதும் எங்கள் வளாகத்தில் பாலூட்டும் அறை ஒன்று முளைத்தது. ரோஸ் நிறச் சுவர், சோபா, திரைச்சீலை, வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று சிரிக்கிற படம், வாசலில் கல்வெட்டு. நிர்வாக அலுவலர் என்னைக் கூப்பிட்டு, திறப்பு விழாவுக்கு நிஜப் பிள்ளை ஒன்று வேண்டும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார். அறை கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் மாமியாரையும் பையனையும் பஸ்ஸில் வரவழைத்தேன்.

ரிப்பன் வெட்டியானது. சிறப்பு விருந்தினர், தாமிரபரணி எப்படி வற்றாத நதியோ அப்படியே தாய்ப்பாலும் என்று ஆரம்பித்தார். நதிக்கு ஒப்பந்தம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். பேச்சு நதியோடு கடலில் போய்ச் சேருவதற்குள் பையனுக்குப் பசி வந்து கத்த ஆரம்பித்துவிட்டான். தூக்கிக்கொண்டு புது அறைக்கு ஓடினால், சோபா முழுக்க விருந்தினர்களுக்கான வடையும் காபிக் குவளைகளும். திரும்பி ஓடிவந்த என்னை நிர்வாக அலுவலர் வழிமறித்து, பையன் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினார்: "அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க மேடம், ஐயா பேசி முடிச்சிரட்டும்."

நாலாம் நம்பர்

மறுநாள் அந்த அறையில் உட்கார்ந்தேன். கதவைத் தாழிட்டு, சேலையை நெகிழ்த்தப் போகிற நேரத்தில், கடவுள் புண்ணியத்தில் மேலே பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மேலே ஒரு கேமரா. அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. நாற்காலியைப் போட்டு ஏறி, பையிலிருந்த பையனின் துணியை எடுத்து அதன் தலையில் போர்த்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். காவல் மேற்பார்வை பார்க்கிற அண்ணாச்சி, ராணுவத்தில் இருந்தவர். "மேடம், நாலாம் நம்பர் கேமரா தெரியல, என்னன்னு பாக்க வந்தேன்" என்றார். "தெரியக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி மூடியிருக்கு" என்று கதவைத் திறக்காமலே கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பிறகு நான் வெளியே வந்ததும் அவரே ஏணி கொண்டுவந்து கேமராவைக் கழற்றினார். எல்லா அறைக்கும் போடச் சொல்லி உத்தரவாம். இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உத்தரவு போட்டவன் ஆம்பள, மாட்டுனவன் ஆம்பள, பாக்கதுக்கு உக்காந்திருந்த நானும் ஆம்பள. ஒருத்தன் மண்டையிலயும் ஏறல பாத்துக்கிடுங்க."

சாவி

ஆய்வுக் குழு வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது. அதோடு அறையைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்களாம், சாவி நிர்வாக அலுவலரிடம். சரி, நூலகத்து மூலைக்கே போவோம் என்றால், "அதான் தனி அறை கட்டியாச்சே" என்று அங்கே புது அலமாரி போட்டு அடைத்தாயிற்று. இரண்டு இடமும் போயிற்று. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது பாலும் குறைந்திருந்தது. புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மாமியார் பால்பவுடர் டப்பா என்ன விலை என்று கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது. சாவி கேட்டு இரண்டு முறை போனேன். துறைத் தலைவர் கூப்பிட்டு, ஒப்பந்தம் நீட்டிக்கிற மாதம், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றார். நல்ல மனுஷர்தான், மின்விசிறியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் மாமியாரைப் பையனோடு வரச் சொன்னேன். மதிய இடைவேளையில் பூட்டிய கதவுக்கு முன்னால், கல்வெட்டுக்குக் கீழே, நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முந்தானையைப் போர்த்திப் பையனை மார்பில் போட்டேன். எனக்கிருந்த பயத்தில் பால் இறங்கவில்லை. அவன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுதான். போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போது மும்தாஜ் அக்கா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மீன் விலையைப் பற்றி மாமியாரோடு பேச ஆரம்பித்தாள். மாமியாருக்குப் பூர்வீகம் உவரிக் கடற்கரை. மீன் விலை என்றால் விடமாட்டாள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் பால் இறங்கிவிட்டது. பையன் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

நிர்வாக அலுவலர் வேகமாக வந்தார். "என்ன மேடம் இது, நாலு பேர் போற வர்ற பாதை. உள்ள போய்க் கொடுங்களேன்" என்றார். சொன்ன பிறகுதான் பூட்டைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. "திறங்க சார்" என்றேன். அவர் விடைத்தாள், விதிமுறை என்று என்னவோ தொடங்கினார். மாமியார் மீன் விலையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்: "தொறங்க தம்பி. இல்லன்னா நாளைக்கும் இதே பஸ்ஸுக்கு வருவோம், இன்னும் ரெண்டு பிள்ளைக்காரியளையும் கூட்டிக்கிட்டு."

அன்றைக்கே விடைத்தாள் கட்டுகளை வெளியே எடுத்தார்கள். சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது, ஒப்பந்த நீட்டிப்பு இன்னும் வரவில்லை. அது வராமலே போனாலும் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க மாட்டேன், இயற்பியல் துறையில் ஏழு மாத வயிற்றோடு மாடி ஏறிக்கொண்டிருக்கிறவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவேன்.