வலது கைக்கான பக்கங்கள்

தொழில்வழிச் சிகிச்சை படிக்கிறேன் என்றால் ஊரில் யாருக்கும் விளங்காது. "நேர்ஸ் படிப்போ?" என்பார்கள். காயப்பட்டவர்களைத் தங்கள் வேலையைத் தாங்களே மறுபடி செய்யப் பழக்குவது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஏறியிருப்பார். யுத்த காலம். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த நான் கடைசி வருட ஆய்வுக்காகச் சொந்த ஊரான மட்டக்களப்புக்கு வந்து அம்மாவோடு தங்கியிருந்தேன். நான் போன ஆஸ்பத்திரியில் இந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. நான்தான் மாணவி, நான்தான் நிபுணி.

என்னிடம் வந்தவர் செங்கலடிப் பக்கத்துத் தையல்கார அக்கா. ஷெல் சிதறல் அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்து, விரல்களை மடக்கும் தசைநாண்களை அறுத்திருந்தது. தைத்துவிட்ட டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். தைத்த தசைநாணை முதல் கிழமைகளிலேயே அளவாக அசைக்க வேண்டும். கூடினால் அறுந்துவிடும், குறைந்தால் ஒட்டிப் பிடித்து விரல் மடங்காது. அந்த அளவு என்னவென்று எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. அவரோ அந்தக் கையால் தையல் மெஷினின் பிடியைச் சுற்றித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்துக்கு ஓடினேன். அங்கே இந்தப் படிப்பே இல்லை, புத்தகம் எங்கிருந்து வரும்? நூலகர் பாவம், அலசி அலசி ஓர் உடற்கூற்றியல் புத்தகத்தை எடுத்துத் தந்தார். கைக்குள் என்ன இருக்கிறது என்று அதில் இருந்தது. அறுந்தால் என்ன செய்வது என்று இல்லை. பட்டணத்து நூலகத்தில் மாட்டு வைத்தியம் வரைக்கும் கிடைத்தது. கடைசியில் கொமினிக்கேஷன் கடையில் டெலிபோனுக்கு வரிசையில் நின்று கொழும்புத் தோழியிடம் கெஞ்சினேன். அவள் எங்கள் கல்லூரி நூலகத்துப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, சரக்கு எடுக்க வந்த ஏறாவூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். சாரன் கட்டுகளுக்கு நடுவில் படுத்து, எல்லாச் சோதனைச் சாவடிகளையும் கடந்து, ஒரு பின்னேரம் அந்தப் பக்கங்கள் என் கைக்கு வந்தன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆமியின் பாலத்துச் சென்றியைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. படமில்லாமல் தமிழில் சுருக்கமாக எழுதிக்கொள்ளலாம் என்று கொப்பி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியில் குந்தியிருந்தார். அடுப்பு முழுக்கக் கடதாசிச் சாம்பல்.

"அடுத்த றோட்டுல சுற்றிவளைப்பாம். படம் கீறின தாளெல்லாம் போட்டுட்டன். கைய வெட்டின படம், அம்புக்குறி, இங்கிலீசு. ஆமி கேட்டா நான் என்னகா சொல்லுவன்?"

சுற்றிவளைப்பு என்றால் எங்கள் வீடுகளில் முதலில் எரிவது கடதாசிதான். அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வாவியின் வரைபடம் கீறி வைத்திருந்தான். அந்த ஒரு தாளுக்காகத்தான் அவனைக் கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. அம்மாவோடு எந்த வாயால் சண்டை பிடிப்பது? அன்றைக்கு ஆமி எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

அதன் பிறகு அக்கா வரும்போதெல்லாம் பயந்து பயந்து அவருடைய விரல்களை அசைத்தேன். அறுந்துவிடுமோ என்ற பயத்தில் குறைவாகவே அசைத்தேன். தோழி மறுபடி பிரதி எடுத்து அனுப்பியபோது மாதங்கள் ஓடிவிட்டன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இந்த முறை பக்கங்களை வயிற்றோடு கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் விரல்கள் பாதி வளைந்தபடி நின்றுவிட்டிருந்தன. விரியவும் இல்லை, மடங்கவும் இல்லை.

"இதில என்னகா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

முதல் கிழமைகளில் செய்திருக்க வேண்டியதை வாசித்துச் சொன்னேன். முதல் பிரதிக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவ ஏசாத மகள். எங்கட அவர்ர படம் எல்லாத்தையும் நானும் அடுப்புக்குள்ளதான் போட்டன். ஒண்டும் மிச்சம் வெக்கல்ல. இப்ப சின்னவன் அப்பா எப்படி இருப்பாரெண்டு கேக்கான்."

மேசையிலிருந்த தாள்களை வலது கையால் எடுக்கப் பார்த்தார். அவை வழுக்கி விழுந்தன. இடது கையால் பொறுக்கி, மடித்து, என்னிடம் நீட்டினார்.

"இதையும் வீட்ட வெச்சிராதகா."